பெர்லினில் வாடகை வீடு: அறுபது விண்ணப்பம், இரண்டே பதில்

கேள்வி: 3 செப்டம்பர் 2023

ஜூலை மாதம் வேலைக்காகப் பெர்லின் வந்தேன். நிறுவனம் கொடுத்த தங்குமிடம் இம்மாதம் 30ஆம் தேதியோடு முடிகிறது. இதுவரை அறுபது வீடுகளுக்கு விண்ணப்பித்தும் இரண்டே பதில்கள் வந்தன. ஒருவர் தாம் நார்வேயில் இருப்பதாகவும், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்பிவைப்பதாகவும் எழுதினார். மற்றவர் ஷூஃபா என்ற கடன் நடத்தைச் சான்று இல்லையென்றால் பேசவே வேண்டாம் என்றார். ஷூஃபா இல்லாத வெளிநாட்டவருக்கு இந்த ஊரில் வீடு கிடைக்காது, பெயரைப் பார்த்ததுமே ஒதுக்கிவிடுகிறார்கள் என்பதுதான் என் முடிவு. ஆறு மாத வாடகையை மொத்தமாக முன்கூட்டியே தருகிறேன் என்று எழுதினால் பலன் இருக்குமா? மனைவியின் விசாவுக்கும் வீட்டு ஒப்பந்தம் கேட்கிறார்கள்.

பதில்: 3 செப்டம்பர் 2023, இரவு

ஆறு மாத வாடகையை முன்கூட்டித் தருவதாக எழுதாதீர்கள். நேர்மையான வீட்டுக்காரருக்கு அது சந்தேகத்தையே உண்டாக்கும். மற்றவர்களுக்கோ நீங்கள் எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறீர்கள் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். வைப்புத்தொகை, அதாவது இங்கே கௌட்சியோன் என்று சொல்வது, மூன்று மாதக் கால்ட்மீட்டெக்கு மேல் போகக்கூடாது என்று ஜெர்மானியக் குடிமைச் சட்டத்தின் 551ஆம் பிரிவு சொல்கிறது. அதையும் மூன்று சம தவணைகளாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. கால்ட்மீட்டெ என்பது வெறும் இடத்துக்கான வாடகை. வெப்பமும் தண்ணீரும் குப்பையும் படிக்கட்டுத் துப்புரவும் சேர்ந்தால் வார்ம்மீட்டெ. அதிலும் மின்சாரம் சேராது. எரிவாயுக் கொதிகலன் வீட்டுக்குள்ளேயே இருந்தால் பெரும்பாலும் வெப்பமும் சேராது. விளம்பரத்தில் இவற்றுள் எந்தத் தொகை பெரிய எழுத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் நான் முதல் இரண்டு வாரத்தை வீணடித்தேன்.

இரண்டாவது, அறைக் கணக்கு. இங்கே இரண்டறை வீடு என்றால் கூடத்தையும் சேர்த்துத்தான் இரண்டு. சமையலறையும் குளியலறையும் கணக்கில் வாரா. நீங்கள் மூன்றறை என்று தேடிக்கொண்டிருந்தால், இருவருக்குத் தேவையானதைவிடப் பெரிய வீட்டுக்கு, குழந்தைகளுள்ள குடும்பங்களோடு போட்டி போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

ஷூஃபாவைப் பற்றிச் சொன்னது பாதி சரி. அது ஒருவருடைய கடன் நடத்தையைப் பதிந்துவைக்கும் தனியார் நிறுவனம். நேற்று வந்தவரைப் பற்றி அதனிடம் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாதிருப்பது கெட்ட பெயர் அன்று. ஆனால் நூறு விண்ணப்பங்களைப் புரட்டுகிற அலுவலருக்கு அந்த வேறுபாட்டை யோசிக்க நேரமில்லை. எனவே சிக்கலின் முடிச்சு ஷூஃபாவில் இல்லை, அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. வீடு இருந்தால்தான் அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. அது இருந்தால்தான் வரி எண். பல வங்கிகளில் அது இருந்தால்தான் கணக்கு. கணக்கும் சம்பளச் சீட்டும் சேர்ந்தால்தான் வீடு. இந்தச் சக்கரத்துக்குள் குதிக்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும்: நிரந்தர வீட்டை மறந்துவிட்டு, முகவரியைப் பதிய அனுமதிக்கிற தற்காலிக இடம் ஒன்றை முதலில் பிடிப்பது. நான் 2019 பிப்ரவரியில் வந்தபோது நொய்க்யோல்ன் பகுதியில், வெளியூர் போன ஓர் இசை மாணவியின் அறையை மூன்று மாதத்துக்கு உள்வாடகைக்கு எடுத்தேன். கட்டில் பரண்போல உயரத்தில் நின்றது. ஏணி வைத்து ஏறவேண்டும். ஆனால் பதிவு கிடைத்தது.

மனைவியின் விசாவுக்குப் போதிய இடமுள்ள வீடு இருப்பதைக் காட்டத்தான் வேண்டும். அதற்கு ஒரு படி தள்ளித் திட்டமிடுங்கள்.

பெயரைப் பார்த்து ஒதுக்குகிறார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. காகிதங்கள் ஒழுங்காக இருந்தால் யாரும் பெயரைப் பார்ப்பதில்லை.

4 செப்டம்பர் 2023, காலை

அவசரத்தில் அந்த நார்வேக்காரரை விட்டுவிட்டேன். அவர் நார்வேயில் இல்லை. அந்த வீடும் அவருடையது இல்லை. உங்கள் கடவுச்சீட்டின் நகலை அவருக்கு ஏற்கனவே அனுப்பியிருந்தால் இன்றே காவல்துறையில் புகார் பதிந்துவிடுங்கள். பணம் கேட்பது இவர்கள் வேலையில் பாதிதான். அடுத்த ஏமாளிக்கு உங்கள் கடவுச்சீட்டைக் காட்டி, நான்தான் வீட்டுக்காரன் என்று சொல்வது மறுபாதி. வீட்டுக்குள் காலை வைத்துப் பார்க்கும் முன் ஒரு காசும் வேண்டாம், அடையாள நகலும் வேண்டாம்.

தரகர் கட்டணம் என்று யாராவது கேட்டாலும் கொடுக்காதீர்கள். 2015 ஜூன் முதல் வாடகை வீட்டுக்குத் தரகரை அமர்த்தியவரே கட்டணம் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் அது வீட்டுக்காரர்தான்.

4 செப்டம்பர் 2023, இரவு

வீடு பார்க்கக் கூப்பிட்டால் எப்படி நடந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

வெட்டிங் பகுதி, 2019 ஏப்ரல், மாலை ஆறு மணி. விளம்பரத்தில் பார்வையிடும் நேரம் இருபது நிமிடம் என்று போட்டிருந்தார்கள். நான் பத்து நிமிடம் முன்பே போயும் எனக்கு முன்னால் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். வரிசை தெருவில் தொடங்கி, முன்கட்டின் வளைவு வாசலைக் கடந்து, முற்றத்தில் குப்பைத் தொட்டிகளை ஒட்டி வளைந்து, பின்கட்டின் படிக்கட்டுக்குள் நுழைந்தது. பெர்லினின் பழைய கட்டடங்கள் நம் ஊர்க் கட்டு வீடுகளைப் போலவே முன்கட்டு, முற்றம், பின்கட்டு என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வெளிச்சம் மட்டும் கூடவே வராது. மேலேயிருந்து இறங்கி வந்தவர்கள் முகத்தைப் பார்த்தே வீடு எப்படி என்று எல்லோரும் ஊகித்துக்கொண்டிருந்தோம். ஒரு பெண் அளவுநாடாவைக் கையில் சுற்றியபடி யாரிடமும் பேசாமல் நின்றார். அவர் வென்றுவிட்டார் என்றே நினைத்தேன்.

உள்ளே கட்டடக் காவலர் ஒருவர் சமையலறைச் சன்னல் மேடையில் ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்திருந்தார். காகிதங்களைப் போடவேண்டியது அதில்தான். என் கோப்பில் இருந்தவை: கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தத்தின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், ஷூஃபா சான்று, நொய்க்யோல்ன் மாணவியிடம் வாடகை பாக்கி இல்லை என்று எழுதி வாங்கிய ஒரு வரிக் கடிதம், வதிவிட அனுமதி, எங்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் அரைப்பக்கம். வார்ம்மீட்டெயைப்போல மூன்று மடங்கு கைக்கு வரும் சம்பளம் இருக்கவேண்டும் என்பது இங்கே எழுதாத கணக்கு. அந்தத் தொகையைச் சம்பளச் சீட்டில் மஞ்சள் மை பூசிக் காட்டியிருந்தேன். நான் பேசியது மொத்தம் மூன்று வாக்கியங்கள். காவலரிடம் கொதிகலன் எப்போது மாற்றியது என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். வேறு யாரும் அதைக் கேட்கவில்லை போலும்.

ஒன்பதாம் நாள் வீடு எனக்கு என்று மின்னஞ்சல் வந்தது. அதற்குள் விண்ணப்பம் 94, பார்வையிட்டது 7. கோப்பும் கேள்வியும் வென்றன என்பது என் துணிபு.

விளம்பரம் வந்த முதல் கால் மணி நேரத்துக்குள் எழுதிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இம்மோபிலியன்ஸ்கவுட்24 போன்ற தளங்களில் நல்ல விளம்பரத்தை ஒரு மணி நேரத்திலேயே எடுத்துவிடுவதும் உண்டு. அதற்குள் பெட்டி நிறைந்துவிடுகிறது.

9 செப்டம்பர் 2023

நான் எழுதிய இரண்டைத் திருத்தவேண்டும். ஐந்து நாளாக மனத்தை உறுத்துகிறது.

முதலாவது, பெயர். யாரும் பெயரைப் பார்ப்பதில்லை என்று எழுதியது என் ஒரே வெற்றியை வைத்துப் போட்ட கணக்கு. 2017இல் பவேரிய ஒலிபரப்பு நிறுவனமும் டேர் ஷ்பீகல் இதழும் சேர்ந்து, பெயரை மட்டும் மாற்றி ஏறத்தாழ இருபதாயிரம் வாடகை விசாரணைகளைப் பல நகரங்களுக்கு அனுப்பிப் பார்த்தன. ஜெர்மானியப் பெயருக்கு அழைப்பு வந்த இடங்களில், ஏறத்தாழ நான்கில் ஒன்றில் துருக்கியப் பெயரோ அரபுப் பெயரோ விடுபட்டது. வம்சத்தைக் காரணமாகக் காட்டி வீடு மறுப்பதை 2006ஆம் ஆண்டின் சமநடத்தைச் சட்டம் தடுக்கிறதுதான். ஆனால் வராத பதிலை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது? எனக்கே ஒன்று நடந்தது, சௌகரியமாக மறந்திருந்தேன். ஷ்டெக்லிட்ஸ் பக்கம் ஒரு முதிய பெண்மணி வீட்டை மலர்ந்த முகத்தோடு சுற்றிக்காட்டிவிட்டு, வாசலில் வைத்து, "நீங்கள் தினமும் சமைப்பீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நிறைய மசாலாவோடு?" என்றார். அவர் கேட்ட தொனியில் பகை ஏதுமில்லை, சன்னல் எந்தப் பக்கம் என்று கேட்பதைப் போலத்தான் கேட்டார். அந்த வீடு கிடைக்கவில்லை. அதற்கும் கேள்விக்கும் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. இந்தத் தெரியாமைதான் அதில் மிகவும் வலிப்பது.

இரண்டாவது, வெட்டிங் வீடு. கோப்பும் கொதிகலன் கேள்வியும் வென்றன என்று எழுதினேன் அல்லவா? 2021இல் அந்த வீட்டைக் காலிசெய்த நாளில் கட்டடக் காவலர் பேச்சுவாக்கில் சொன்னார்: எனக்கு முன்னால் இருவருக்குக் கடிதம் போயிருக்கிறது. இருவருமே இரண்டாம் முறை பகலில் வந்து பார்த்துவிட்டு, வெயில் விழாத வீடு என்று மறுத்துவிட்டார்கள். அளவுநாடாப் பெண் அந்த இருவரில் ஒருவர். நான் மூன்றாமவன், பகலில் வந்து பார்க்காதவன். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மதியம் பன்னிரண்டு மணிக்கும் விளக்கைப் போட்டுக்கொண்டு, கோப்பு வென்றது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கோப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் மூன்றாமிடமும் கிடைத்திருக்காது.

17 செப்டம்பர் 2023

இப்போது உங்கள் கையில் இருப்பவை மூன்று. ஒன்று, நகர மையமான மிட்டெயில் எல்லாச் சாமான்களோடும் ஆறு மாதத்துக்கு ஓர் அறை, ஆனால் "அன்மெல்டுங் இல்லை" என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இரண்டு, நகருக்கு வெளியே பெர்னௌவில் உள்வாடகை வீடு, பதிவு உண்டு, அலுவலகம் தூரம். மூன்று, மிட்டெ அறையில் இருந்துகொண்டு, யாரோ ஒருவர் 300 யூரோவுக்குத் தருவதாகச் சொல்லும் முகவரிக் கடிதத்தை வைத்துப் பதிவது.

மூன்றாவதைத் தொடாதீர்கள். 2015 நவம்பர் முதல் நடப்பிலுள்ள பதிவுச் சட்டப்படி, குடிவந்ததை வீடு தருபவர் எழுதி உறுதிப்படுத்தவேண்டும். அந்தக் கடிதத்துக்குப் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்; இதை ஒரே மூச்சில் சொல்ல வந்துவிட்டால் மொழித்தேர்வு எழுதவேண்டியதில்லை என்பது எங்கள் அலுவலக நகைச்சுவை. யாரும் குடிவராத முகவரியை இப்படித் தருபவருக்கு 50,000 யூரோ வரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வதிவிட அனுமதிக்காக நாளைக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தின் முன் நிற்கப்போகிற நீங்கள், அங்கே காட்டும் முதல் காகிதமே பொய்யாக இருக்கக்கூடாது.

மிட்டெ அறையின் வாடகையைப் பார்த்து மலைத்துப்போய், வாடகைக் கட்டுப்பாடு இருக்கிறதே என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. 2015இல் வந்த சட்டம் அது. அப்பகுதியின் ஒப்பீட்டு வாடகையைவிடப் புது ஒப்பந்தம் பத்து விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. ஆனால் 2014 அக்டோபர் 1க்குப் பின் முதன்முறை குடிவைத்த புதுக்கட்டடங்களுக்கு அது பொருந்தாது; தற்காலிக உபயோகத்துக்கென்று விடும் வாடகைக்கும் பொருந்தாது. நாற்காலியும் கரண்டியும் போட்டு ஆறு மாதம் என்று எழுதுவதன் சூட்சுமம் அங்கே இருக்கிறது. இன்னும் கடுமையான ஓர் உச்சவரம்பைப் பெர்லின் மாநிலம் 2020 பிப்ரவரியில் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பரில் என் வாடகை இறங்கியது. 2021 ஏப்ரல் 15 அன்று, இதைச் செய்ய மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்ற தீர்ப்பை அரசியலமைப்பு நீதிமன்றம் வெளியிட்டது. ஐந்து மாத வித்தியாசத்தைத் திருப்பிக் கட்டினேன். அந்தப் பணத்தைத் தனியாக எடுத்துவைத்தவர் என் மனைவி. நான் அதில் மிதிவண்டி வாங்க இருந்தேன்.

ஆகவே பெர்னௌ. எஸ்-பான் என்ற நகர ரயிலின் இரண்டாம் தடத்தில் வடக்குக் கடைசி நிலையம் அது. ஏறும்போதே உட்கார இடம் கிடைக்கும். இந்த மே மாதம் (2023) 49 யூரோவில் வந்த ஜெர்மனிச் சீட்டில், அதாவது உள்ளூர் வண்டிகளுக்கான மாதப் பயணச்சீட்டில், நகருக்குள் இருப்பவருக்கும் உங்களுக்கும் ஒரே செலவுதான். உள்வாடகை என்பதால் இரண்டைக் கேட்டு வாங்குங்கள்: உள்வாடகைக்கு விடக் கட்டட உரிமையாளர் கொடுத்த அனுமதி, முதன்மைக் குடியிருப்பாளரின் கையெழுத்திட்ட பதிவுக் கடிதம். பதிவுக் கடிதத்தில் உரிமையாளர் கையெழுத்து வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உங்களுக்கு வீடு தருபவர் அந்த முதன்மைக் குடியிருப்பாளர்தான், அவர் கையெழுத்தே செல்லும்.

2 அக்டோபர் 2023

குடிபோய்விட்டீர்கள், நல்லது. இரண்டு வாரத்துக்குள் பதியவேண்டும், மறக்காதீர்கள்.

சமையலறை முழுதாக இருக்கிறது என்று வியந்து எழுதியிருக்கிறீர்கள். உள்வாடகை என்பதால் இருக்கிறது. நிரந்தர வீடு பார்க்கப் போகும்போது, சமையலறை என்று காட்டப்படுவது சுவரில் ஒரு குழாய் முனையும் ஒரு மின் இணைப்பும் மட்டுமே உள்ள வெற்று அறையாக இருக்கலாம். பெர்லினில் அடுப்பும் கழுவுதொட்டியும் வைத்துக்கொடுப்பது வழக்கம், மற்ற நகரங்களில் அதையும் எதிர்பார்க்க முடியாது. முன்பு இருந்தவர் தம் அலமாரிகளை உங்களுக்கு விற்றுவிட்டுப் போவார். விளக்கும் அப்படித்தான்: எங்கள் வெட்டிங் வீட்டில் முதல் நாள் இரவு, கூரையிலிருந்து மூன்று கம்பிகள் வெள்ளைக் கட்டையொன்றைக் கடித்துக்கொண்டு தொங்கின. குளியலறையில் மட்டுமே விளக்கு இருந்தது. கதவைத் திறந்துவைத்து அந்த வெளிச்சத்தில் சாப்பிட்டோம்.

20 நவம்பர் 2023

ஆறு வாரமாகியும் வரி எண் வரவில்லை, நிறுவனம் மிக அதிகமாகப் பிடிக்கும் ஆறாம் வரி வகுப்பில் பிடித்தம் செய்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்று கேட்கிறேன்: தபால் பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா?

இதே கேள்வியை 2019இல் என்னிடம் கேட்டவர், பிரிட்ஸ் பகுதியிலுள்ள மயூரபதி முருகன் கோவிலில் அறிமுகமான ஒரு பெரியவர். எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ்ஷ்ட்ராஸெ வழியாக மேற்கே வந்த ஈழத்தமிழர்களில் ஒருவர். நான் வரித்துறை, வங்கி, நிறுவனம் என்று மூச்சுவிடாமல் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, தபால் பெட்டியில பேர் ஒட்டினனீரோ?" என்றார். ஒட்டவில்லை. இங்கே முகவரியில் கதவு எண் கிடையாது. தெரு, கட்டட எண், அவ்வளவுதான். பதினெட்டுக் குடித்தனம் உள்ள கட்டடத்தில் தபால்காரருக்குத் துணை அந்தப் பித்தளைப் பெட்டிகளின் பெயர்த்துண்டுகள்தாம். பெயர் இல்லையென்றால் ஆள் இல்லை. கடிதம் திரும்பிப் போய்விடும். என் வரி எண்ணும் வங்கி அட்டையும் அப்படித் திரும்பிப் போயிருந்தன. மாணவியின் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதி ஒட்டினேன். அது முழுவதும் அந்தத் துண்டில் அடங்கவில்லை. தந்தை பெயரை முதலெழுத்தாகச் சுருக்கியதால் வங்கிக் கடிதம் மறுபடி ஒருமுறை திரும்பியது. கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதுங்கள், எழுத்தைச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

அந்தப் பெரியவர் தாம் வீடு தேடிய கதையைச் சொல்லும்போதெல்லாம் அது சற்று நீளும். அவர் சொல்வதில் எனக்குப் பிடித்தது இது: அகதி முகாமிலிருந்து முதல் வீட்டுக்கு மாறிய அன்று, சாமான் என்று ஒரு பை மட்டுமே இருந்தும், படிக்கட்டில் ஏறுமுன் அவர் முதலில் செய்தது பெயரை ஒட்டியதுதானாம்.

வரி எண் வந்ததும், கூடுதலாகப் பிடித்ததைப் பின்னர் வரும் சம்பளத்திலோ ஆண்டுக் கணக்கிலோ சரிசெய்வார்கள். பெயர் ஒட்டியபின் வரக்கூடிய இன்னொரு கடிதத்தைக் கண்டு பயப்படவேண்டாம்: ஒலிபரப்புக் கட்டணம், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. தொலைக்காட்சி இல்லை என்று பதில் எழுதிப் பயனில்லை, எழுதிப் பார்த்திருக்கிறேன்.

6 மார்ச் 2024

முதல் குறிப்பில் மனைவியின் விசாவுக்கு வீடு காட்டியே ஆகவேண்டும் என்று எழுதியிருந்தேன். இம்மாதம் 1ஆம் தேதி முதல், நீல அட்டை உள்ளிட்ட திறன்பணியாளர் அனுமதி வைத்திருப்பவர்களின் துணைக்கும் சிறு பிள்ளைகளுக்கும் போதிய வீட்டிடம் என்ற நிபந்தனை இல்லை. அதற்கு முன்பே லிஷ்டன்பெர்கில் உங்களுக்கு நிரந்தர வீடு கிடைத்துவிட்டது என்பது வேறு விஷயம். இனி இந்தப் பக்கத்தைப் படிப்பவர் என் பழைய வரியை நம்பி மனைவியைக் காக்கவைக்கவேண்டாம்.

பெர்னௌ வீட்டைக் காலிசெய்வதற்கு: உங்கள் உள்வாடகை ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி இருக்கிறது, அதனால் தனி அறிவிப்பு வேண்டாம். லிஷ்டன்பெர்க் ஒப்பந்தம் காலவரையற்றது. அதை விடும்போது மூன்று மாத முன்னறிவிப்பு, மாதத்தின் மூன்றாம் வேலைநாளுக்குள், கையெழுத்திட்ட காகிதத்தில் போய்ச் சேரவேண்டும், மின்னஞ்சல் செல்லாது. மூன்று மாற்றாட்களைக் கொண்டுவந்து நிறுத்தினால் உடனே போகலாம் என்று உங்கள் அலுவலகத்தில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் அலுவலகத்திலும் சொன்னார்கள். அப்படியொரு பொதுவிதி சட்டத்தில் இல்லை.

14 ஜனவரி 2025

சிறு திருத்தம். ஜெர்மனிச் சீட்டு 49 யூரோ என்று எழுதியிருந்தேன். 2025ஆம் ஆண்டில் அது 58 ஆனது. ஊருக்கு வெளியே வீடு பார்க்கிறவர்கள் கணக்கில் மாற்றிக்கொள்ளுங்கள். பெர்னௌவைப் பற்றிய என் கருத்து மாறவில்லை.

11 நவம்பர் 2025

லிஷ்டன்பெர்க் வீட்டின் வெப்பம், தண்ணீர் முதலிய செலவுகளுக்கான 2024 கணக்கு வந்துவிட்டது, 640 யூரோ கூடுதலாகக் கேட்கிறார்கள், இது மோசடியா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்பதே மோசடியாகாது. மாதந்தோறும் வார்ம்மீட்டெயில் அவற்றுக்கெனக் கட்டியது முன்பணம். ஆண்டு முடிந்தபின் உண்மைச் செலவைக் கணக்கிட்டு, குறைந்தால் கேட்பார்கள், மிஞ்சினால் திருப்புவார்கள். கணக்கு ஆண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் கடிதம் உங்களிடம் வந்து சேரவேண்டும், 2024க்கு அது இந்த டிசம்பர் 31. அதற்குப் பின் வந்தால், தாமதத்துக்கு வீட்டுக்காரர் பொறுப்பில்லை என்று காட்டினாலொழிய, மிச்சத்தைக் கேட்க முடியாது. உங்களுக்கு நவம்பரிலேயே வந்துவிட்டது, அந்த வழி மூடிவிட்டது.

ஆனால் கட்டுமுன் பார்க்கலாம். ரசீதுகளைக் காட்டச் சொல்லும் உரிமை உண்டு. மறுப்புச் சொல்ல உங்களுக்கும் பன்னிரண்டு மாதம் உண்டு. வாடகையாளர் சங்கத்தில் சேர்ந்தால் அவர்களுடைய வழக்குரைஞர் வரிவரியாகப் பார்த்துக்கொடுப்பார். நான் சேர்ந்திருக்கிறேன், ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தப் பணம் திரும்பிவிடுகிறது. முதலில் நீங்களே செய்யக்கூடியது: குடிபோன நாளில் கையெழுத்திட்ட ஒப்படைப்புப் பதிவை எடுத்து, அதிலுள்ள மீட்டர் அளவுகளைக் கணக்கிலுள்ள தொடக்க அளவுகளோடு ஒப்பிடுங்கள். சுவருக்கு வண்ணம் பூசாமல் வீடு தந்தார்கள் என்று அதில் எழுதியிருந்தால் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். அப்படித் தந்த வீட்டை, தகுந்த ஈடு எதுவும் கொடுக்காமல், குடியிருப்பவர் செலவில் பூசித்தரச் சொல்லும் நிபந்தனை செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2015 மார்ச்சில் தீர்ப்பளித்திருக்கிறது.

வெட்டிங்கில் எனக்கு வந்த முதல் கணக்கில், குளியலறை வெந்நீர் மீட்டரின் தொடக்க அளவு என் பதிவில் இருந்ததைவிடக் குறைவாக இருந்தது. எனக்கு முன் குடியிருந்தவர் குளித்த தண்ணீரும் என் தலையில் விழுந்திருந்தது. மீட்டரைக் கைபேசியில் படமெடுத்து வைத்திருந்தேன். அனுப்பினேன், திருத்தி அனுப்பினார்கள். அன்று அந்தக் கட்டடக் காவலரோடு அறை அறையாக நடந்து, கீறல், விரிசல், குழாய்க் கசிவு என்று ஒன்றுவிடாமல் பதிவில் எழுதவைத்தேன். எழுதாமல் விட்டது நிலவறைச் சாவி ஒன்றுதான். கொடுத்ததாகப் பதிவில் இல்லாததால் காலிசெய்யும்போது யாரும் திருப்பிக் கேட்கவில்லை. இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது; பூட்டை மாற்றிவிட்டார்களாம்.